சிப் திறப்பு: பூட்டில் திரும்புகிறது, வாகனம் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் திறப்பு வெட்டுகிற கடைக்குப் பஞ்சமில்லை. மோட்டார் சைக்கிள் திறப்பு என்றால் நின்ற நிலையில் வெட்டிக்கொண்டு வரலாம். சிப் உள்ள வானுக்கோ காருக்கோ அது பாதி வேலைதான். தகட்டை வெட்டுவது ஒன்று, சிப்பை வாகனத்தில் பதிவது இன்னொன்று. இரண்டில் எது பிழைத்தது என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் வீண் செலவில் பெரும்பங்கு நின்றுவிடும். இங்கே சொல்வது 1990களின் கடைசி தொடக்கம் 2010ஐ ஒட்டிய காலம் வரை வந்த, திறப்பைச் செருகித் திருப்புகிற வாகனங்களுக்கு. பட்டன் ஸ்டார்ட் வாகனங்களின் வேலை வேறு.

திறப்பின் பிளாஸ்டிக் தலைக்குள் சிப் இருக்கிறது. சிலவற்றில் அது சின்னக் கண்ணாடிக் குழாய். சிலவற்றில் 12 மில்லிமீற்றர் அளவு நீளமான கறுப்புத் துண்டு, ஒரு பக்கம் ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும். அதற்குப் பற்றரி கிடையாது. இக்னிஷன் பூட்டின் வாயைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் வளையம் உண்டு. அது 125 அல்லது 134.2 கிலோஹேர்ட்ஸ் அலையை விடும்; அந்த அலையிலேயே சிப் சக்தி எடுத்துப் பதில் சொல்லும். பதில் பதிவோடு பொருந்தினால்தான் என்ஜின் கணினி ஓடவிடும். இந்தத் தடுப்பு ஏற்பாட்டுக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். பொருந்தாவிட்டால் செல்ப் அடிக்கும், என்ஜின் பிடிக்காது. அல்லது பிடித்து ஒன்றிரண்டு வினாடியில் நின்றுவிடும். சில மாதிரிகளில் செல்ப்பே அடிக்காது.

எதற்கும் முதல், விளக்கைப் பாருங்கள்

டாஷ்போர்டில் உள்ள பாதுகாப்பு விளக்குதான் இந்த வேலையில் உங்களுக்குக் கிடைக்கிற மிக நேர்மையான சாட்சி. ரொயோட்டாவில் திறப்பு இல்லாதபோது சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பதிந்த திறப்பைச் செருகியதும் அணையும். செருகியும் மின்னிக்கொண்டே இருந்தால் சிப்பை வாகனம் ஏற்கவில்லை. நிசானில் ஓன் நிலைக்குத் திருப்பிய பிறகும் விளக்கு எரிந்தபடி நின்றால் அதே பொருள். சுசுகி அல்டோ போன்றவற்றில் திறப்பு வடிவம் போட்ட விளக்கு ஓன் செய்து சற்று நேரத்தில் அணைய வேண்டும். மின்னிக்கொண்டே இருந்தால் ஏற்கவில்லை.

விளக்கு ஒழுங்காக அணைந்தும் என்ஜின் பிடிக்கவில்லையா? அப்படியானால் திறப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். எரிபொருள் பம்ப், பியூஸ், சென்சர் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

அப்படி ஒரு விளக்கே இல்லை என்றால் உங்கள் வாகனத்தில் இம்மொபிலைசர் இல்லாமலே இருக்கலாம். யப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த வான்களிலும் சின்னக் கார்களிலும் குறைந்த தரத்தில் சிப் இல்லாதவை நிறைய உண்டு. பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் ஹைஏஸ்களில் பெரும்பாலும் கிடையாது. தலை தடித்திருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கடையில் சிப் வாசிக்கிற கருவி இருந்தால் திறப்பை அதன் வளையத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். எந்த வகைச் சிப் என்பதை உடனே காட்டும். அந்த வகைப் பெயரை உங்கள் கையாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான்.

"திறப்பின் ஓட்டை மாத்தின பிறகுதான் இப்படி"

மிக அதிகமாக நடக்கிறது இது. அதனால் விரிவாகவே சொல்ல வேண்டும்.

திறப்பின் தலை வெடித்துவிட்டது, பட்டன் றப்பர் கிழிந்துவிட்டது என்று புது ஓடு வாங்கிப் போடுகிறோம். புது ஓடு வெறும் ஓடுதான்; உள்ளே சிப் இருக்காது. பழைய ஓட்டிலிருந்து தகட்டையும் ரிமோட் பலகையையும் மாற்றிவிட்டு, சிப் கிடந்த பழைய ஓட்டைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். ரிமோட் கதவைத் திறக்கும், தகடு பூட்டைத் திருப்பும், என்ஜின் மட்டும் பிடிக்காது.

ஓட்டை உடைக்க முன் மேசையில் வெள்ளைத் துணி ஒன்றை விரியுங்கள். தலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தகடு நுழைகிற இடத்துக்குப் பக்கத்திலோ தலையின் ஓரத்திலோ சின்ன மூடி தெரிகிறதா என்று பாருங்கள். சிப் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் கிடக்கும். சிலவற்றில் ஒட்டியிருப்பார்கள். மெல்லிய பிளேட்டை ஓட்டின் பொருத்துக்கோட்டில் வைத்து மெதுவாகச் சுற்றி வெட்டுங்கள். சிப் இருக்கிற பக்கத்தைக் குறட்டால் நெரிக்கக் கூடாது. கண்ணாடிக் குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலே போதும், சிப் செத்துவிடும். கறுப்புத் துண்டு கொஞ்சம் தாங்கும். ஆனால் மூலை உடைந்தால் அதுவும் முடிந்தது. வெளியே எடுத்த சிப்பைப் புது ஓட்டின் பள்ளத்தில் தளராமல் இருத்துங்கள். ஆடினால் ஒரு துளி சிலிக்கோன் போதும். சுப்பர் குளூ ஊற்றினால் அடுத்த முறை எடுக்கும்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

எறிந்த ஓடு இன்னும் கடைக் கூடைக்குள் இருக்கும் என்றால் அன்றைக்கே போய்த் தேடுங்கள். அந்தச் சின்னத் துண்டை இழந்தால், இருக்கிற ஒரே மாஸ்ரர் திறப்பை, அதாவது புதுத் திறப்பைப் பதிய உதவுகிற முதன்மைத் திறப்பை, இழந்ததற்குச் சமம்.

திறப்பு போகிறது, திரும்பவில்லை

இது சிப் பிரச்சினை அல்ல, தகட்டுப் பிரச்சினை. பதினைந்து வருடம் தேய்ந்த திறப்பைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்டுவார்கள். அதற்கு மேல் இயந்திரத்தின் சொந்தப் பிழையும் சேரும். வழி, குறியீட்டு இலக்கத்தை வைத்து வெட்டுவது. வாகனம் புதிதாக வந்தபோது திறப்போடு ஒரு சின்ன உலோகத் தகடு தொங்கியிருக்கும். ரொயோட்டாவில் அதில் ஐந்து இலக்கம் பொறித்திருக்கும். அது இல்லையென்றால் பல மாதிரிகளில் கதவுப் பூட்டின் உருளையிலேயே இலக்கம் உண்டு. கதவின் உள்மட்டையைக் கழற்றி, பூட்டை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த இலக்கமும் கிடைக்காவிட்டால், அதிகம் பாவிக்காத திறப்பை, வீட்டு அலுமாரியில் கிடந்ததை, மாதிரியாகக் கொடுங்கள்.

வெட்டிய உடனே எல்லாப் பூட்டிலும் போட்டுப் பாருங்கள்: இரண்டு கதவு, பின்கதவு, எண்ணெய்த் தாங்கி மூடி, இக்னிஷன். கதவில் திரும்பி இக்னிஷனில் இறுகினால் வெட்டு ஆழம் சற்றுப் பிழை. பலவந்தமாகத் திருப்பாதீர்கள். மலிவான பித்தளைத் தகடு உள்ளே முறிந்தால் பூட்டையே கழற்ற வேண்டும். தகடு சரியென்று உறுதியான பிறகே சிப் பதிவுக்குப் போங்கள்.

பழைய திறப்பும் இறுகுகிறது என்றால் பூட்டுக்குள் புழுதி. நம்முடைய கிரவல் வீதிப் புழுதிக்கு எண்ணெய் விட்டால் உள்ளே களியாகிவிடும். கிரபைட் தூள் போடுங்கள். கிடைக்காவிட்டால் பென்சில் கரியைத் தகட்டில் நன்றாகத் தேய்த்துப் பல முறை விட்டு எடுங்கள்.

புதுத் திறப்பு திரும்புகிறது, பழையதால் மட்டும் ஸ்டார்ட் ஆகிறது

ஒரு சோதனை. புதுத் திறப்பைப் பூட்டில் போட்டு, பழைய திறப்பின் தலையை அதன் தலையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜின் பிடித்தால் தகடும் வாகனமும் சரி. புதுத் திறப்பின் சிப் பதியப்படவில்லை, அல்லது சிப்பே இல்லை. இந்தச் சோதனையில் சில வேளை இரண்டு சிப்பும் ஒன்றையொன்று குழப்பும். அப்போது புதுத் திறப்பிலிருந்து சிப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பதிவுக்கு இரண்டு வழி. ஒன்று, பழைய சிப்பின் பிரதியை எடுப்பது. வாகனத்துக்கு இரண்டும் ஒரே திறப்பாகத் தெரியும். வாகனத்தில் எதையும் தொட வேண்டியதில்லை. 4சி வகை போன்ற, எப்போதும் ஒரே இலக்கத்தையே சொல்கிற சிப்பைப் பிரதி எடுப்பது மிக எளிது. ரொயோட்டாவில் 2003ஐ ஒட்டிப் பரவலாக வந்த 4டி67 ஒவ்வொரு முறையும் கேள்விக்குப் பதில் கணக்கிட்டுச் சொல்லும் வகை. ஆனால் அந்தக் கணக்குக்குப் பயன்படுகிற இரகசிய எண் 40 பிற் நீளம் மட்டுமே. 2005இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டினார்கள். இன்று கடைக் கருவியும் அதைச் செய்கிறது. அதற்குரிய பிரதிச் சிப் வேண்டும். 2010ஐ ஒட்டி வந்த ஜி சிப் இதைவிடக் கடினம், அதற்குப் பின் வந்த எச் இன்னும் கடினம். ரொயோட்டா தகட்டின் கழுத்தில் ஒரு புள்ளி இருந்தால் 4டி67, ஜி அல்லது எச் எழுத்து இருந்தால் அந்தந்த வகை. குறி எதுவும் இல்லாதவற்றைக் கருவியால்தான் அறியலாம்.

மற்ற வழி, புதுச் சிப்பை வாகனத்தின் நினைவகத்தில் தனித் திறப்பாகப் பதிவது. எங்கள் தெரிவு இதுதான். திறப்பு தொலைந்தால் பதிவிலிருந்து அழிக்கலாம். பிரதி எடுத்ததில் அது முடியாது. தொலைந்ததை அழித்தால் கையில் இருப்பதும் செத்துவிடும்.

4சி சிப் உள்ள பழைய ரொயோட்டாக்கள் பலவற்றில் கருவி இல்லாமலே பதியலாம். மாஸ்ரர் திறப்பு கையில் இருக்க வேண்டும். திறப்பைச் செருகுவது மட்டும்தான், பதிந்து முடியும் வரை திருப்பக் கூடாது.

1. மாஸ்ரரைச் செருகி, 15 வினாடிக்குள் அக்சிலேற்றரை 5 முறை அமத்தி விடுங்கள்.
2. அடுத்த 20 வினாடிக்குள் பிரேக்கை 6 முறை அமத்தி விட்டு, மாஸ்ரரை வெளியே எடுங்கள்.
3. 10 வினாடிக்குள் புதுத் திறப்பைச் செருகி, அடுத்த 10 வினாடிக்குள் அக்சிலேற்றரை ஒரு முறை அமத்துங்கள்.
4. விளக்கு மின்னத் தொடங்கும். ஏறத்தாழ 60 வினாடியில் அணையும். அணைந்தால் பதிந்துவிட்டது.
5. பிரேக்கை ஒரு முறை அமத்தி முடித்துவிட்டு, திறப்பை எடுத்து, மறுபடி செருகி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

எண்ணிக்கையில் கவனம் வேண்டும். அக்சிலேற்றர் 4, பிரேக் 5 என்றால் அது துணைத் திறப்பாக, அதாவது வாகனத்தை ஓட்ட மட்டும் உதவுகிற திறப்பாக, பதியும். அக்சிலேற்றர் 6, பிரேக் 7 என்பது மற்றத் திறப்புகளை அழிக்கிற கட்டளை. ஒருவர் மிதிக்க, பக்கத்தில் இன்னொருவர் சத்தமாக எண்ணுவது நல்லது. எண்ணிக்கை தவறிவிட்டது என்று பட்டால் திறப்பை எடுத்துவிட்டு, அரை நிமிடம் விட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

விளக்கு மின்னவே இல்லையா? கையில் இருப்பது துணைத் திறப்பாக இருக்கலாம். வழக்கமாகச் சாம்பல் நிறத் தலை, ஆனால் ஓடு மாற்றியிருந்தால் நிறத்தை நம்ப முடியாது. பழைய ரொயோட்டாக்களில் மாஸ்ரரைச் செருகினால் விளக்கு உடனே அணையும். துணைத் திறப்புக்கு இரண்டு வினாடி அளவு தாமதித்து அணையும். துணைத் திறப்பைக் கொண்டு புதிது பதிய முடியாது. அல்லது உங்கள் மாதிரி இந்த முறையை ஏற்காத வகை. 4டி67 தொடக்கம் பெரும்பாலும் ஸ்கானர், அதாவது வாகனக் கணினியோடு பேசுகிற கருவிதான் வேண்டும்.

ஸ்கானர் "பதிவு தோல்வி" என்கிறது

சிப் வகை பிழையாக இருப்பதே முதற்காரணம். வெளியே பார்த்தால் 4டி60உம் 4டி67உம் ஒரே கறுப்புத் துண்டு. முதலாவது பழைய நிசானுக்கும் போர்டுக்கும் போகிறது, இரண்டாவது ரொயோட்டாவுக்கு. பழைய இரும்புக் கடையில் எடுத்த திறப்பென்றால், சில சிப்கள் ஒரு வாகனத்தில் பதிந்ததும் பூட்டிக்கொள்ளும், வேறொன்றில் ஏறாது. புதுச் சிப் வாங்குவதே மலிவு.

அடுத்தது பற்றரி. பதிவின்போது இக்னிஷன் நீண்ட நேரம் ஓனில் நிற்கும். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் தொடங்காதீர்கள். சாஜரைப் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள். சில ரொயோட்டாக்களில் இம்மொபிலைசரை மீளமைக்கக் கருவி 16 நிமிடம் காத்திருக்க வைக்கும். கருவி உறைந்துவிட்டது என்று நினைத்து வயரைப் பிடுங்கினால் மீளமைப்பு பாதியில் நின்றுவிடும்.

மூன்றாவது, இடம் நிரம்பியிருப்பது. வாகனம் வைத்திருக்கக்கூடிய திறப்பின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. பல கைமாறிய வாகனத்தில் யாரிடமோ இருக்கிற திறப்புகள் இன்னும் பதிவில் கிடக்கும். கருவியில் எத்தனை பதிவு என்று பார்த்து, தேவையில்லாதவற்றை அழியுங்கள். கைமாறிய வாகனம் வாங்கிய எல்லோரும் இதை ஒருமுறை செய்விப்பது நல்லது.

புதியது வேலை செய்கிறது, பழையது செத்துவிட்டது

நிசான், மிட்சுபிஷி வாகனங்களில் புதிய பதிவு தொடங்கும்போது பழைய பதிவு முழுவதும் அழியும். அந்த ஒரே அமர்வில் எல்லாத் திறப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட வேண்டும். மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ வவுனியாவுக்குப் புறப்படும்போது வீட்டில் கிடக்கிற திறப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்; இல்லாவிட்டால் அதற்காக ஏ9 வீதியில் இன்னொரு நாள் ஓடவேண்டும். பழையது கெட்டுப்போகவில்லை, மறுபடி பதிந்தால் வேலை செய்யும். நிசானுக்கு இரகசிய இலக்கமும் வேண்டும். பல மாதிரிகளில் உடற்கணினியின் (பூட்டு, விளக்கு போன்றவற்றை இயக்குகிற கணினி) 5 இலக்கக் குறியீட்டிலிருந்து 4 இலக்கத்தைக் கருவி கணக்கிட்டு எடுக்கும். அந்த நான்கு இலக்கத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு நேரம் பிடிக்கிறது, ஒரு நேரம் இல்லை

ஒரு திறப்பில் மட்டும் என்றால் சிப் தளர்ந்திருக்கிறது, அல்லது வெடித்திருக்கிறது. எல்லாத் திறப்பிலும் என்றால் வாகனப் பக்கம்.

முதலில் திறப்பு வளையத்தைக் கழற்றிவிட்டுத் தனித் திறப்பால் முயலுங்கள். ஒரே வளையத்தில் இன்னொரு வாகனத்தின் சிப் திறப்பு தொங்கினாலோ, தடித்த இரும்பு வளையம் தலையில் சாய்ந்தாலோ வாசிப்பு குழம்பும். அதிலும் மாறாவிட்டால் ஸ்டியரிங் தண்டின் மூடியைக் கழற்றிச் சுருள் வளையத்தைப் பாருங்கள். பூட்டு மாற்றியவர்கள் அதைச் சரியாக அமத்தாமல் விட்டிருப்பார்கள். கொழுவி உடைந்து முன்னுக்குத் தள்ளி நிற்கும். இணைப்பானைக் கழற்றி ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர வாகனங்களில் உப்புக்காற்றால் இது சாதாரணம். மின் இணைப்புகளைத் துப்புரவாக்குகிற ஸ்பிரே (கொன்ராக்ற் கிளீனர்) அடித்து, காயவிட்டுப் பூட்டுங்கள். நெல்மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற வாகனம் என்றால் டாஷ்போர்டுக்குக் கீழே எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

கடைசியாக, உள்ளூரில் பூட்டிய அலாரம். ஸ்டார்ட்டை வெட்டுகிற ரிலே அதில் இருக்கும். ரிலேயின் கால் கருகினால் இம்மொபிலைசர் பிழை போலவே தெரியும். ஆனால் தொழிற்சாலை விளக்கு ஒழுங்காக அணையும். அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

ஸ்டார்ட் ஆகிறது, ரிமோட் வேலை செய்யவில்லை

ரிமோட் வேறு, சிப் வேறு. திறப்பின் பற்றரி செத்தாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும். யப்பான் உள்நாட்டு வாகன ரிமோட்டுகள் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டியவை. மற்றச் சந்தைகளுக்கு வந்த பல மாதிரிகள் 433.92. அதிர்வெண் மாறினால் எத்தனை தரம் பதிந்தாலும் பேசாது. குளத்திலோ வயல் சேற்றிலோ விழுந்த திறப்பென்றால், சிப்புக்கு ஒன்றும் ஆகாது, அது மூடப்பட்டது. ரிமோட் பலகையின் பற்றரியை உடனே எடுத்து, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் கழுவி, நிழலில் காயவிடுங்கள்.

எல்லாத் திறப்பும் தொலைந்துவிட்டது

லீசிங் வாகனமென்றால் கொம்பனியிடம் ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, சிஆர் (வாகனப் பதிவுப்) புத்தகம், அடையாள அட்டை மூன்றையும் தயாராக வையுங்கள். நல்ல கடைக்காரர் இவற்றைக் கேட்பார். கேட்காதவரிடம் வாகனத்தைக் கொடுப்பது பற்றி இரண்டு தரம் யோசியுங்கள்.

வாகனத்தைக் கட்டி இழுக்க அவசரப்பட வேண்டாம். திறப்பில்லாமல் ஸ்டியரிங் பூட்டியிருக்கும். கதவுப் பூட்டைக் கழற்றிக்கொண்டு போனால் தகட்டை வெட்டலாம். சிப்புக்கு, பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு இம்மொபிலைசர் பெட்டியையும் என்ஜின் கணினியையும் கொண்டுபோகலாம். ரொயோட்டாவில் பதிவு 93சி56, 93சி66 போன்ற எட்டுக் கால் நினைவக ஐசியில் கிடக்கும். அது தனிப் பெட்டியிலோ என்ஜின் கணினிக்குள்ளோ இருக்கும். அதை வாசித்து, புதுத் திறப்பின் பதிவை எழுதலாம். எழுத முன் இரண்டு தரம் வாசித்து, இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, மூலக் கோப்பை உங்களுக்கும் ஒரு பென் டிரைவில் தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் எழுதிப் பிழைத்தால் திரும்ப வழியில்லை.

ரொயோட்டாவில் பெட்டியை மாற்றினாலோ மீளமைத்தாலோ, திறப்பு பதிந்தும் என்ஜின் பிடிக்காமல் இருக்கலாம். பெட்டியும் என்ஜின் கணினியும் இன்னும் ஒன்றையொன்று அறியவில்லை. ஸ்கானரைப் பூட்டுகிற 16 துளை ஓபிடி இணைப்பானின் அகன்ற பக்கம் மேலே இருக்கப் பிடித்து, மேல் வரிசையில் இடமிருந்து 4ஆவது துளையையும் கீழ் வரிசையில் 5ஆவதையும், அதாவது 13ஆவதையும், ஒரு துண்டு வயரால் இணையுங்கள். பதிந்த திறப்பால் இக்னிஷனை ஓனில் 30 நிமிடம் விடுங்கள். பிறகு ஓஃப் செய்து, வயரை எடுத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். கீழ் வரிசையின் கடைசித் துளையான 16இல் நேரடிப் பற்றரி மின் நிற்கிறது. வயர் அதைத் தொட்டால் பியூஸ் போகும்.

"இம்மொபிலைசரையே நீக்கிவிடுவோம்" என்று சொல்கிற கராஜ்கள் உண்டு. நீக்கினால் தகடு மட்டும் வெட்டிய எந்தத் திறப்பும் வாகனத்தை ஓட்டிவிடும். பெட்டி எரிந்துபோய் மாற்றும் கிடைக்காத பழைய மாதிரிக்கு அது வழியாகலாம். அப்போதும் மின்னை வெட்டுகிற மறைவான ஒரு கட்ஓஃப் சுவிட்சைப் பூட்டிவிட்டே வாகனத்தை வெளியே எடுங்கள்.